பார்த்த இடம் மட்டும் தெளியும் கண்ணாடி

வெயிலில் நின்றுபோகிற வண்டிகளைக் கட்டி இழுத்து வருவதுதான் செல்வினுக்கும் ஹெப்சிக்கும் பிழைப்பு. வண்டியை ஓட்டுவது அவன். இறங்கிக் கொக்கி மாட்டுவது, கம்பி சுற்றி இழுக்கும் விஞ்சை இயக்கிப் பழுதான வண்டியை மேலே ஏற்றுவது, சங்கிலி போட்டு இறுக்குவது எல்லாம் அவள். கல்யாணமான புதிதில், பெண்டாட்டியைச் சங்கிலி பிடிக்க விடுகிறானே என்று வள்ளியூர்க் கடைத்தெருவில் பேசினார்கள். விஞ்ச் பிடித்தால் செல்வினுக்குக் கை அவசரப்படும். ஸ்டியரிங் பிடித்தால் ஹெப்சிக்குக் கால் அவசரப்படும். அதனால் ஆளுக்கொன்று என்று பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் வந்த சண்டையெல்லாம் மீன்குழம்பில் புளி கூடிப்போனதைப் பற்றியும், பண்டிகைக்கு யார் வீட்டுக்குப் போவது என்பதைப் பற்றியும்தான்.

கோடை ஐம்பது டிகிரியைத் தொட்டு அங்கேயே குடியிருக்கத் தொடங்கிய காலம் அது. நெடுஞ்சாலையில் ஓடுகிற மின்வண்டிகளின் பேட்டரி உச்சிவெயிலில் மயங்கி நின்றுவிடும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற அந்த நேரத்தில்தான் ரெக்கவரி வண்டிக்கு ஓயாத வேலை. அந்த வண்டிக்கோ முன்னாலும் பக்கங்களிலும் ஆள் உயரக் கண்ணாடி. ஏசி என்னதான் முக்கினாலும் உள்ளே இட்லிச் சட்டி மாதிரி வெந்துகொண்டிருக்கும். செல்வினின் வலது கை முழங்கை வரை கறுத்து, அடுத்தவன் கையை வாங்கி ஒட்டியதுபோல் இருந்தது. ஹெப்சிக்கு இடது கன்னம் அப்படி.

முன்பெல்லாம் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் போலீஸ் நிறுத்திக் கிழித்துப் போடும். இப்போது சட்டம் மாறிவிட்டது. புது ஃபிலிம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, இருவரும் இசக்கிராஜாவின் கடைக்குப் போனார்கள். வள்ளியூர் புறவழிச் சாலையில் வண்டிக் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுகிறவன் அவன். சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் பட்டையால் வழித்து, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பான். திறந்தால் மூடமாட்டான்.

"அண்ணாச்சி, பழைய ஃபிலிம் முழுக் கண்ணாடியையும் ஒண்ணுபோல இருட்டாக்கும். சூடும் கொறையும், ரோடும் தெரியாது. இது அப்படியில்ல. ஒங்க கண்ணு எங்க போகுதோ அந்த எடம் மட்டும் தெளியும். மத்த எடம் பூரா கறுத்து வெயில வெளிய தள்ளிரும். நேர எதிர்ல ரோடும், சைடு கண்ணாடி தெரியிற மூலையும் எப்பவும் தெளிவா இருக்கும். அது சட்டம்."

"என் கண்ணு எங்க போகுதுன்னு அதுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றான் செல்வின்.

"ஸ்டியரிங் பக்கத்துல ஒரு பொட்டு வச்சிருக்கேன் பாருங்க. அது ஒங்க முழியவே பாத்துக்கிட்டு இருக்கும்."

"அப்போ நான் பாத்தா?" என்று கேட்டாள் ஹெப்சி.

"ஓட்டுறவங்க கண்ணு மட்டும்தான் மைனி. ரெண்டு பேரு கண்ணையும் பாத்தா அதுக்குக் கொழம்பிரும். இன்னொரு வெசயம், சைடு கண்ணாடிய எறக்கக் கூடாது. எறக்குனா ஃபிலிம் பிஞ்சிரும். பூட்டிட்டேன்."

கடைசியாக அவன் இன்னொன்றும் சொன்னான். இந்த ரோட்டில் ஓடுகிற வண்டிகளின் ஃபிலிமெல்லாம் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளுமாம். எந்த வளைவில் எல்லாரும் எங்கே பார்க்கிறார்கள் என்பதைக் கற்றுக்கொண்டு, கண் போவதற்கு முன்பே அந்த இடத்தைத் தெளிய வைக்குமாம். இருவரும் தலையை ஆட்டினார்கள். குளிர்ந்தால் சரி என்பதுதான் அவர்கள் எண்ணம்.

குளிர்ந்தது. அன்று மத்தியானம் ஒரு லாரியைக் கட்டி இழுத்துவரும்போது செல்வின் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்து ஹெப்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோடையில் புருஷன் சட்டைப் பொத்தானைப் போட்டு அவள் பார்த்ததே இல்லை.

ஆனால் அவள் பக்கத்துக் கண்ணாடி மட்டும் சரியில்லை. மற்ற கண்ணாடியெல்லாம் கறுத்துக் கிடக்க, அவள் தலைக்குப் பக்கத்தில் ஒரு முறம் அளவுக்கு அது தெளிந்து தெளிந்து வந்தது. வெயில் அதன் வழியே வந்து சரியாக அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எனக்குன்னு பழுதான ஃபிலிமாப் பாத்து ஒட்டியிருக்கான்" என்று மறுபடி கடைக்கு வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

இசக்கிராஜா கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். பொட்டைத் துடைத்தான். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஒரு ரவுண்டு போங்க அண்ணாச்சி, பாப்போம்" என்றான். வண்டி ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் அவன் பின்னாலிருந்து சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

"மைனி, ஃபிலிம் நல்லாத்தான் இருக்கு. அண்ணாச்சிதான் சரியில்ல."

"ஏன், என்ன செய்தாவ?"

"ரோட்ட ஒரு தடவ பாக்காவ, ஒங்கள ஒரு தடவ பாக்காவ. கண்ணு ஒங்க பக்கம் வந்தா ஒங்களுக்குப் பின்னால இருக்க கண்ணாடி தெளியத்தான செய்யும்? அது என்ன பண்ணும் பாவம்?"

செல்வினின் காது சிவந்தது. ஹெப்சிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைப்பையன்கள் வேறு எட்டிப் பார்த்தார்கள். "இத்தன வருசமாப் பாத்தது போதாதாக்கும்? இனிமே ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று வெடுக்கென்று சொன்னாள். வெட்கத்தில் சொன்னதுதான். அவனோ அதை அப்படியே எடுத்துக்கொண்டான்.

அந்த வாரமே அவள் பக்கத்துக் கண்ணாடியும் கறுத்துவிட்டது. கன்னம் குளிர்ந்தது. ஆனால் செல்வின் இப்போது எது பேசினாலும் எதிரே இருக்கிற கண்ணாடியிடம் பேசினான். "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதுகூட முன்னால் போகிற பஸ்ஸைக் கேட்பது மாதிரி இருந்தது. என்னைப் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது? புதுப்பெண் மாதிரி ஆகிவிடும். ஹெப்சி கறுத்த கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சித்திரை முடிகிற சமயம். உச்சிப்பொழுதில் செல்வினின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல், மூச்சு வாங்கியது.

"ரோட்டோரத்துல எழுதியிருந்த நம்பரப் பாத்துப் பேசுதேன். ஒத்தப்பனை விலக்கு தாண்டி, வேப்ப மரத்துக் கீழ நிக்கோம். பூவண்டி. எங்க வீட்டாளு மயங்கிக் கெடக்காவ. சீக்கிரம் வாங்கய்யா..."

அத்தோடு போன் அணைந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சூட்டில் போனும் அவிந்திருக்கும். செல்வின் காவல்கிணறு தாண்டி வண்டியை விரட்டினான். கிளைச்சாலை பிரிகிற ஒத்தப்பனை விலக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தான். முன்னால் ரோடு வெறிச்சென்று கிடந்தது. ஓரத்தில் ஒரு வண்டியும் இல்லை. காற்றாலைகள் நிற்கிற இடம் வரை போய், திரும்பி வந்து, விலக்கில் மறுபடி சுற்றி அதே வழியில் வந்தார்கள்.

"ஒண்ணையும் காணமே ஹெப்சி. யாரோ வெளயாடுதாவ போல" என்றான் செல்வின், ரோட்டைப் பார்த்தபடி. அப்படியும் நடப்பதுண்டு. கூப்பிட்டுவிட்டு, வேறு வண்டி கிடைத்ததும் சொல்லாமல் போய்விடுவார்கள்.

"மெதுவாப் போங்க. அது வெளயாட்டுக் கொரலு மாதிரி இல்ல."

"ரெண்டு தடவ பாத்தாச்சுல்லா?"

"பாத்தியளா? எங்க பாத்திய?" ஹெப்சிக்குத் திடீரென்று அழுகை முட்டியது. அது அந்தப் பெண்ணுக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அவ வெளயாட்டுக்கா கூப்பிட்டா?"

செல்வின் திரும்பினான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தான். அவள் கன்னத்தில் வெயில் சுள்ளென்று விழுந்தது. அவன் கண் அவள் முகத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, அவள் காதைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் எங்கோ போய் விரிந்தது.

"யேசப்பா!" என்று பிரேக்கை மிதித்தான்.

ஹெப்சி திரும்பிப் பார்த்தாள். ரோட்டிலிருந்து சரிந்து இறங்குகிற மண்ணில் பெரிய குப்பைமேடு. ஓரத்தில் புகை. அதன் விளிம்பில் ஒற்றை வேப்பமரம், மரத்தடியில் பூக்கூடைகள் ஏற்றிய லோடு ஆட்டோ. ஒரு பெண் சரிவில் நின்று துண்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி, தலையில் சாக்கைப் போர்த்திய பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் அனல் அறைந்தது. ஹெப்சி சரிவில் இறங்கி ஓடினாள். ஆட்டோவின் நிழலில் ஒரு மனிதர் கண் செருகிக் கிடந்தார். சாக்குப் போர்த்திய ஒருத்தி ஈரக் கோணியால் அவர் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன வண்டிம்மா போச்சு!" என்றாள் துண்டோடு நின்றவள். அவள் பெயர் பரமேஸ்வரி. கிடந்தவர் அவள் கணவர் மாடசாமி. தோவாளைச் சந்தைக்குப் பூக் கொண்டுபோகிறவர்கள். "நீங்களே ரெண்டு தடவ போனிய. நான் கத்துனேன். ஒரு தலையும் திரும்பல. நாங்க என்ன பேயா பிசாசா?"

ஈரக் கோணி வைத்திருந்தவள் நிமிர்ந்து ஹெப்சியை உற்றுப் பார்த்தாள். "யக்கா, ஒங்களுக்கு எங்களத் தெரியுதா?"

"ஏன் இப்படிக் கேக்க?"

"போன கோடையில இருந்து யாருக்கும் தெரியல. முந்தி வண்டிய நிறுத்தி பழைய துணி குடுப்பாவ, பிஸ்கட்டு குடுப்பாவ. மூக்கப் பொத்திக்கிட்டுத் திட்டிட்டாவது போவாவ. இப்ப ஒண்ணுமில்ல. நாங்க செத்துட்டோமோன்னு சில நேரம் தோணும்."

அவள் பெயர் முப்புடாதி. குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கும் தகரமும் பொறுக்குகிறவர்களில் ஒருத்தி. தங்களுக்கென்று குடத்தில் வைத்திருந்த தண்ணீரைத்தான் அவர்கள் மாடசாமிக்கு ஊற்றித் தீர்த்திருந்தார்கள்.

எல்லாருமாகத் தூக்கி மாடசாமியை ரெக்கவரி வண்டியின் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். கதவைச் சாத்தியதும் அந்தக் குளிர்ச்சி அவரைப் போர்த்தியது. நாகர்கோவில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் அவர் கண்ணைத் திறந்து, "பூவு வாடிருமே" என்றார். இன்னும் கொஞ்சம் வெளியே கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார், வண்டி குளுகுளுவென்று இருந்ததுதான் காப்பாற்றியது என்றார் டாக்டர். ஹெப்சியும் செல்வினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பாற்றியதும் அந்தக் கண்ணாடிதான், மறைத்ததும் அந்தக் கண்ணாடிதான்.

சாயங்காலம் ஆட்டோவைக் கட்டி இழுக்கப் போனபோது, முப்புடாதியும் மற்றவர்களும் பூக்கூடைகளை ஈரச் சாக்கால் மூடிவைத்துக் காவலிருந்தார்கள். மல்லி போய்விட்டது. அரளியும் சம்பங்கியும் பிழைத்துக்கொண்டன.

மறுநாள் காலையில், ரோட்டில் மோதி நசுங்கின ஒரு காரை முதுகில் சுமந்தபடியே ரெக்கவரி வண்டி இசக்கிராஜாவின் கடை முன்னால் வந்து நின்றது. நடந்ததையெல்லாம் செல்வின் சொன்னான். இசக்கிராஜா கையிலிருந்த ரப்பர் பட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"குப்பமேட்ட யாரு பாப்பாவ அண்ணாச்சி?" என்றான் கடைசியில். "எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிடுதாவ. யாருமே பாக்காத எடம்னு ஃபிலிம் படிச்சிக்கிட்டு, அந்த எடத்தக் கறுப்பாவே வச்சிருக்கு."

"திரும்பிப் பாத்தா தெளியுமுல்லா?"

"பாத்தா தெளியும். ஆனா ஏன் பாக்கப் போறாவ? ஓரத்துல ஏதாவது அசஞ்சாத்தான் நம்ம கண்ணு அங்க திரும்பும். கறுத்த கண்ணாடியில அசைவே தெரியாதே. யாரும் பாக்கலன்னு கறுக்குது, கறுத்ததால யாரும் பாக்கல. புதுசா ஃபிலிம் ஒட்டுனவனுக்கும் முதல் நாள்லயே அந்த எடம் இருட்டுதான்."

"அப்போ எங்க கண்ணாடியில இருக்கத உரிச்சிரு" என்றான் செல்வின்.

"அது எதுக்கு?" என்றாள் ஹெப்சி. "நீங்க முன்ன மாதிரி இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாப் போதும். கன்னம் காஞ்சா காயட்டும்." சொல்லிவிட்டு, யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை அவள். "ஆனா நம்ம ஒரு வண்டி பாத்து என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது மைனி. நெறையக் கண்ணு பாக்கணும். தெனமும் பாக்கணும். அவ்வளவு பேரையும் எப்படித் திருப்புவிய? பேப்பர்ல போட்டாலும் ரெண்டு நாளு பேசிட்டு விட்ருவாவ."

அப்போதுதான் செல்வின் கடைக்கு வெளியே பார்த்தான். அவர்கள் கொண்டுவந்து நிறுத்திய நசுங்கின காரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடியிருந்தது. டீக்கடையில் இருந்தவன் டம்ளரோடு வந்து பார்த்தான். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் குவிந்து பார்த்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி, "ஆளுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"ராஜா," என்றான் செல்வின், "ரோட்டுல போறவன் எதப் பாக்காம போவ மாட்டான், சொல்லு."

அன்றிலிருந்து அவர்கள் மத்தியானச் சாப்பாட்டை ஒத்தப்பனை விலக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். யாரும் கேட்டு வராத, நசுங்கின கார் ஒன்று, இழுத்து வந்த வண்டிகளை நிறுத்துகிற அவர்களுடைய யார்டில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை முதுகில் ஏற்றிக்கொண்டு போய், குப்பைமேட்டின் ஓரத்தில், ரோட்டிலிருந்து நன்றாகத் தெரிகிற மாதிரி தூக்கி நிறுத்துவார்கள். சுழல்விளக்கைப் போடுவார்கள். விளக்கின் வெளிச்சம், எப்போதும் தெளிந்திருக்கிற முன்கண்ணாடி நடுவில் எட்டத்திலேயே தெரியும். கிட்டே வரும்போது கண் தானாக இந்தப் பக்கம் தொடர்ந்து வரும். வந்த வண்டியெல்லாம் மெதுவாகும். ஒவ்வொரு தலையும் திரும்பும். நசுங்கின காரைத் தேடி வருகிற கண், அதற்குப் பக்கத்தில் சோற்றுத் தூக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முப்புடாதியையும் அவள் கூட்டத்தையும் பார்க்காமல் போக முடியாது.

ஹெப்சி முதலில் இரண்டு பேருக்குத்தான் சாப்பாடு கொண்டுபோனாள். பிறகு பெரிய தூக்குவாளியில் கொண்டுபோனாள். முப்புடாதி கருவாட்டுத் துவையல் கொண்டுவருவாள். அதற்கு ஈடு சொல்ல முடியாது என்று செல்வின் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு, திரும்பி வருகிற வழியெல்லாம் அதற்கு ஹெப்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மாடசாமி உடம்பு தேறி, பரமேஸ்வரியோடு மறுபடி பூ ஏற்றிப் போகத் தொடங்கினார். போகிற வழியில் ஆட்டோவை நிறுத்தி, அங்கிருந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு முழம் கிள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

வாரங்கள் போயின. ஒருநாள் சுழல்விளக்கே போடாத நேரத்தில் ஒரு கார் நின்றது. உள்ளிருந்த அம்மாள் தண்ணீர்க் கேன் ஒன்றை இறக்கி வைத்துவிட்டு, "இங்கன ஆளு இருக்கிறது எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றாள். வேறொருவன், நாற்றம் பிடித்த இடத்தையெல்லாம் எதற்குக் காட்டுகிறார்கள் என்று கத்திவிட்டுப் போனான். முப்புடாதிக்கு இரண்டுமே சந்தோஷம்தான். "திட்டுனாலும் பாத்துத்தான திட்டுதான்" என்றாள்.

ஒருநாள் இசக்கிராஜா ஸ்கூட்டரில் வெந்து நீறாகி வந்து இறங்கினான். "அண்ணாச்சி, ஊருப்பட்ட பேரு எங்கிட்ட வந்து ஃபிலிம் பழுதுங்கான். விலக்குக்கிட்ட வந்தா தானாத் தெளிஞ்சு, வெயிலும் அடிக்கி, குப்பையும் தெரியுதாம். கம்பெனிக்காரங்க வேற, அந்த எடத்துல அப்படி என்னதான் இருக்குன்னு கேக்காவ."

"நீ என்ன சொன்ன?" என்றாள் ஹெப்சி.

இசக்கிராஜா தலையைச் சொறிந்தான். "ஆளு இருக்காவன்னு சொன்னேன் மைனி. வேற என்னத்தச் சொல்ல?" என்று சொல்லிவிட்டு, முப்புடாதி நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தான்.

கம்பெனி அந்த இடத்தை மறுபடி இருட்டாக்கிவிடும் என்றுதான் ஹெப்சி பயந்தாள். அதற்கு மாறாக ஒருநாள் கிரேன் வந்தது. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பெரிய தூண்களை நட்டு, அதன்மேல் ரோட்டைப் பார்க்க ஒரு பிரம்மாண்டமான விளம்பரப் பலகையை ஏற்றினார்கள். அதே ஃபிலிமுக்கான விளம்பரம். குளிர்ந்த வண்டிக்குள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, நேராக எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ரோட்டிலேயே மிக அதிகமான கண்கள் விழுகிற இடம் இதுதானாம். அதை வீணாக்குவானேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஹெப்சிக்கு ஆத்திரம் பொங்கியது. "மறச்சதும் அவன், இப்ப இதுலயும் வந்து யாவாரம் பண்ணுதானே!" என்று தூக்குவாளியைத் தொப்பென்று வைத்தாள்.

முப்புடாதி சாக்கைத் தலையிலிருந்து எடுத்து உதறி, பலகையின் அடியில் விரித்தாள். உச்சி சாய்ந்து, பலகையின் நிழல் குப்பைமேட்டின் மேல் அகலமாக விழுந்திருந்தது. அத்தனை பேருக்கும் போதுமான நிழல். வேப்பமரத்தைத் தவிர, அந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் நிழல் அது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்கள். செல்வினும் கூச்சத்தோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"உக்காருங்கக்கா, சோறு ஆறிரப் போவுது" என்றாள் முப்புடாதி.

ஹெப்சி உட்கார்ந்தாள். அப்போது திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. கிட்டே வரும்போது வேகம் குறைந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னப் பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே போனது. முப்புடாதியும் கையைத் தூக்கி ஆட்டினாள்.

"போர்டப் பாத்துல்லா காட்டிட்டுப் போகுது" என்றாள் ஹெப்சி, இன்னும் கோபம் ஆறாமல். "நம்மளப் பாத்தா காட்டுச்சு?"

முப்புடாதி ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டும் ஒரே எடத்துலதானக்கா இருக்கு."